தோட்டக்கலைத் துறையின் மாடித்தோட்டத் தொகுப்பு: மனசுக்காக வாங்குகிறவர்களுக்கு ஒரு மதிப்புரை

தமிழகத் தோட்டக்கலைத் துறை மானிய விலையில் கொடுக்கும் மாடித்தோட்டத் தொகுப்பை இரண்டு வகையான ஆட்கள் வாங்குகிறார்கள். காய்கறிச் செலவு குறையும் என்று வாங்குவோர் ஒரு வகை. ஆறு பையை வைத்து ஒரு குடும்பத்துக்கு வேண்டிய காயை எடுக்க முடியாது, அதனால் அந்தக் கணக்கு கட்டிவராது. பணி ஓய்வு பெற்றவர்கள், துணையை இழந்தவர்கள், பிள்ளைகள் வெளியூர் போய்விட்ட வீட்டில் பகல் பொழுதைத் தள்ள முடியாதவர்கள், நாள் முழுக்கத் திரையைப் பார்த்துக் களைத்தவர்கள் இன்னொரு வகை. இந்த மதிப்புரை அவர்களுக்காக. ஆறுதலும் ஒழுங்கும் தேடி வாங்குவோருக்கு இது நல்ல பொருள். ஆனால் பெட்டியில் வந்ததை அப்படியே பையில் நிரப்பி விதை போட்டால், ஒரே மாதத்தில் செடி வெளிறிப்போய், "நம்ம கைக்கு எதுவும் வராது" என்ற எண்ணம்தான் மிஞ்சும். தேறுதல் தேடி வந்தவருக்கு அதைவிடப் பெரிய கெடுதல் இல்லை. எனவே முதலில் பெட்டியில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பார்ப்போம்.

செடி வளர்க்கும் பைகள் 6, இரண்டு கிலோ எடையுள்ள தென்னை நார்க்கழிவுக் கட்டிகள் 6, காய்கறி விதைப் பொட்டலங்கள் 6, அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா என்ற உயிர் உரங்கள் இரண்டும் சேர்ந்து 400 கிராம், வேர் நோய்களைத் தடுக்கும் நன்மைப் பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடி 200 கிராம், வேப்பெண்ணெய் 100 மி.லி., ஒரு கையேடு. 2021-22-இல் 900 ரூபாய் மதிப்புள்ள இந்தத் தொகுப்பு 225 ரூபாய்க்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டு மானியம் மதிப்பில் பாதியாகக் குறைந்து, விலை 450 ஆனது. மானியம் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியது, ஆகவே விண்ணப்பிக்கிற அன்று துறையின் இணையதளத்தில் இருக்கும் விலையைத்தான் நம்ப வேண்டும். பதிவுக்கு ஆதார் எண் தேவை.

பெட்டியில் இல்லாத இரண்டு பொருள்கள் மண்ணும் மக்கிய எருவும். பெரும்பாலான ஏமாற்றம் இங்கேதான் தொடங்குகிறது. நார்க்கழிவு தண்ணீரைப் பிடித்து வைக்கும், வேருக்குக் காற்றும் கொடுக்கும், ஆனால் சத்து அநேகமாக ஒன்றுமில்லை. போதாக்குறைக்கு, அது மெல்ல மக்கும்போது அந்த வேலையைச் செய்யும் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தை (நைட்ரஜனை) செடியின் பங்கிலிருந்தே எடுத்துக்கொள்ளும். வெறும் நார்க்கழிவில் முளைத்த செடி முதல் இரண்டு வாரம் நன்றாக இருந்துவிட்டு, அதன்பின் அடியிலை மஞ்சளாகி நின்றுபோவதற்குக் காரணம் இதுதான். உயிர் உரம்தான் இருக்கிறதே என்று கேட்கலாம். அசோஸ்பைரில்லம் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தரும், பாஸ்போபாக்டீரியா மண்ணில் கரையாமல் கிடக்கும் மணிச்சத்தை (பாஸ்பரஸை) கரைத்துத் தரும். இரண்டும் உயிருள்ளவை, அவற்றுக்கும் இரை வேண்டும். அந்த இரை எருவில்தான் இருக்கிறது.

நார்க்கட்டியில் உப்பும் இருக்கும். சோடியம், பொட்டாசியம், குளோரைடு எல்லாம் கலந்த உப்பு. கட்டியை 10 லிட்டர் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவிட்டால் 25 முதல் 30 லிட்டர் அளவுக்கு உப்பி நிற்கும், தண்ணீர் கரும்பழுப்பாக இறங்கும். அதைப் பிழிந்து கொட்டிவிட்டு மறுபடி தண்ணீர் ஊற்றி, மறுபடி பிழிய வேண்டும். மூன்று தடவை அலசினால் தண்ணீர் வெளிறிவிடும். அலசாமல் போட்டால் இளஞ்செடியின் இலை ஓரம் காய்ந்து சுருளும். பலர் அதை வெயில் என்று நினைத்து இன்னும் தண்ணீர் ஊற்றி, பிரச்சினையை இரட்டிப்பாக்கிவிடுகிறார்கள்.

கலவைக்கு எங்கள் பரிந்துரை: அலசிய நார்க்கழிவு இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, மண்புழு உரமோ நன்கு மக்கிய தொழு உரமோ ஒரு பங்கு. பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு. இந்த அளவில் கலந்தால் ஆறு கட்டியும் செலவாகாது. மிச்சத்தை நனையாத இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு மாதத்தில் கலவை உட்காரும்போது மேலே நிரப்ப உதவும். பையில் மேல் இரண்டு அங்குலம் காலியாக விட வேண்டும், இல்லையென்றால் ஊற்றும் தண்ணீர் மண்ணோடு வழிந்து தரையில்தான் நிற்கும். அடித்துளைகள் திறந்திருக்கின்றனவா என்று விரலை விட்டே பார்த்துவிடுங்கள்.

உயிர் உரம் இரண்டிலும் டிரைக்கோடெர்மாவிலும் பைக்குத் தலா 15 கிராம் எடுத்து எருவோடு பிசறி, ஈரம் போகாமல் நிழலில் ஒரு வாரம் வைத்து, பிறகு கலவையில் சேர்ப்பது நல்லது. பொட்டலத்தில் காலாவதித் தேதி இருக்கும், அது தாண்டியிருந்தால் உள்ளே இருப்பது வெறும் பொடி. வெயிலில் வைத்தாலும், ரசாயனப் பூஞ்சைக்கொல்லியோடு கலந்தாலும் அதே கதிதான். மீதியை 45-ஆம் நாள் மேலுரமாகக் கொடுக்கலாம்.

மனசு பாரமாக இருக்கிறவர் பை வந்த அன்றே விதை போடத் துடிப்பார். இந்த ஒரு வாரக் காத்திருப்பை அவர் தவிர்க்கக் கூடாது என்பது எங்கள் அழுத்தமான கருத்து. அலசுவது, பிழிவது, பிசறுவது என்று கை அழுக்காகும் வேலைகள் இந்த வாரத்தில்தான் இருக்கின்றன. பேச்சுத்துணை இல்லாத வீட்டில் இரண்டு கைக்கும் ஒரே நேரத்தில் வேலை கொடுப்பது சின்ன உதவி அல்ல.

விதைக்கு வருவோம். பொட்டலங்களில் பெரும்பாலும் கத்தரி, மிளகாய், தக்காளி, வெண்டை, அவரை, கீரை இருக்கும். ஆறையும் ஒரே நாளில் விதைப்பது வழக்கம். அது வேண்டாம். எதை முதலில், எதைப் பிறகு என்பதில்தான் இந்தத் தொகுப்பின் பலன் இருக்கிறது.

முதலில் கீரை. விதை பொடி, அப்படியே தூவினால் ஒரே இடத்தில் கொட்டிவிடும். பத்துப் பங்கு மணலோடு கலந்து தூவி, மேலே கால் அங்குலத்துக்கு மேல் மண் போடாமல், பூவாளியால் தெளித்தால் மூன்று நான்கு நாளில் முளை தெரியும். சிறுகீரை, முளைக்கீரை என்றால் 25 நாளில் வேரோடு பிடுங்கிக் கடைந்துவிடலாம். அரைக்கீரை என்றால் தண்டில் இரண்டு அங்குலம் விட்டு அறுத்தால் மறுபடி துளிர்க்கும். ஏன் கீரை முதலில்? விதைத்த வாரத்திலேயே பதில் சொல்லும் பயிர் அது. நம்பிக்கை தளர்ந்தவருக்கு முதல் பதில் சீக்கிரம் வர வேண்டும். நெருக்கமாக முளைத்திருந்தால் பத்தாம் நாள் கலைத்துவிடுங்கள். கலைத்த நாற்றும் ரசத்துக்கு ஆகும், வீண் என்று கலங்க வேண்டியதில்லை. கலைக்காமல் விட்டால் காற்று போகாமல், ஈரம் தங்கி, தண்டு அடியில் நீர் கோத்து ஒட்டுமொத்தமாகச் சாய்ந்துவிடும். நாற்றழுகல் என்று சொல்வது இதைத்தான். டிரைக்கோடெர்மா ஓரளவு தடுக்கும், அளவுக்கு மீறிய தண்ணீரைத் தடுக்காது.

ஒரு வாரம் கழித்து வெண்டை. விதையை இரவு முழுக்க ஊறவைத்து, ஒரு குழிக்கு இரண்டு விதை, முக்கால் அங்குல ஆழம். முளைத்ததும் வலுவானதை வைத்துக்கொண்டு மற்றதைக் கிள்ளிவிட வேண்டும், ஒரு பைக்கு இரண்டு செடிக்கு மேல் வேண்டாம். நாற்பது நாள் வாக்கில் பூக்கும். வெளிர்மஞ்சள் பூ, நடுவில் அரக்கு நிறம், காலையில் விரிந்து அன்றோடு முடிந்துவிடும். பூத்த ஐந்தாறு நாளில் காயின் நுனி சட்டென்று ஒடியும் பதத்தில் இருக்கும். அதற்கு மேல் விட்டால் நாரோடி முற்றும், செடியும் வேலை முடிந்தது என்று புதிய பூ விடுவதைக் குறைத்துக்கொள்ளும். ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தே ஆக வேண்டும். மாடிக்கு ஏற மனசில்லாத நாள்களில் ஒருவரைப் படியேற வைப்பது இந்தக் கட்டாயம்தான். அதனாலேயே, மனசுக்காக வளர்ப்பவர்களுக்கு ஆறு விதையில் மிகச் சிறந்தது வெண்டை என்று நாங்கள் கருதுகிறோம்.

வெண்டை ஒரு கடினமான முடிவையும் எடுக்க வைக்கும். இலை நரம்புகள் மட்டும் பளிச்சென்று மஞ்சளாகி வலைபோல் தெரிந்தால் அது மஞ்சள் நரம்புத் தேமல். வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் நோய், மருந்து கிடையாது. உரம் வைத்தும் வேப்பெண்ணெய் அடித்தும் அந்தச் செடியைக் காப்பாற்ற நினைப்பவர்கள் மீதிச் செடிகளையும் இழக்கிறார்கள். பார்த்த அன்றே வேரோடு பிடுங்கி அகற்ற வேண்டும். ஆசையாக வளர்த்ததைப் பிடுங்குவது வலிக்கத்தான் செய்யும். ஆனால் பக்கத்துச் செடி பிழைக்கிறது. மஞ்சள் ஒட்டுப்பொறி அட்டை ஒன்றைப் பைகளின் உயரத்தில் தொங்கவிட்டால் ஈ வந்திருப்பது முன்கூட்டியே தெரியும்.

கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றையும் குழித்தட்டிலோ பழைய டப்பாவிலோ நாற்றுவிட்டு நட வேண்டும். தக்காளி நாற்று 25 நாள், கத்தரி 30, மிளகாய் 35 முதல் 40. மாலையில் நட்டு, மூன்று நாள் நிழல் கொடுத்தால் வாட்டம் குறைவு. பைக்கு ஒரு செடி.

கத்தரியில் பூ உதிர்ந்தால் பதறுகிறவர்கள் அதிகம். பூவைக் கிட்டே வைத்துப் பாருங்கள். நடுவிலுள்ள சூல்தண்டு மகரந்தப்பைகளைத் தாண்டி நீண்டிருக்கும் பூ காயாகும். தண்டு குட்டையாக உள்ளே அடங்கியிருக்கும் பூ அநேகமாக உதிரும். ஒரே செடியில் இரண்டும் பூக்கும். உதிர்வது அந்தச் செடியின் இயல்பு, வளர்ப்பவரின் குறை அல்ல. இளங்குருத்து மட்டும் தலை தொங்கினால் தண்டுத் துளைப்பான் புழு உள்ளே இருக்கிறது என்று பொருள். வாடிய இடத்துக்கு ஓர் அங்குலம் கீழே வெட்டி, புழுவோடு அழித்துவிட்டால் பக்கக்கிளை வரும்.

தக்காளி இன்னும் தெளிவாகச் சொல்லும். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் குளிராத சித்திரை, வைகாசியில் சென்னை மாடியில் தக்காளிப்பூ கொட்டும். எந்த உரமும் அதை நிறுத்தாது, மகரந்தமே அந்தச் சூட்டில் செயலிழக்கிறது. காயின் அடிப்பாகம் கறுத்து அமுங்குவது வேறு கதை. அது பெரும்பாலும் நம் கையில் இருப்பது. ஒருநாள் காயவிட்டு மறுநாள் குளம் கட்டுவதால் சுண்ணாம்புச்சத்து காய் நுனிவரை போய்ச் சேராமல் வருகிற கேடு. முட்டை ஓட்டைத் தூளாக்கிப் போட்டால் உடனே சரியாகும் என்கிறார்கள், ஆகாது. ஓடு கரைய மாதக்கணக்காகும். தண்ணீரை ஒரே சீராகக் கொடுத்தாலே அடுத்த கொத்துக் காய்கள் நன்றாக வரும். எது நம் வசத்தில் இருக்கிறது, எது இல்லை என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் தக்காளிச் செடியிடம் கைவந்தால், வீட்டுக்குள்ளும் அது உதவும். இதை நாங்கள் முழு மனதோடு சொல்கிறோம்.

மிளகாயில் இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிக் கவிழ்ந்தால் சிலந்திப்பேன். இரண்டுக்கும் தொகுப்பிலுள்ள வேப்பெண்ணெய் ஆரம்பக் கட்டத்தில் கைகொடுக்கும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் முதலில் சிறிது காதி சோப்புக் கரைசல், பிறகு 5 மி.லி. எண்ணெய், தண்ணீர் பால்போல் ஆகும்வரை குலுக்கல். எண்ணெய் மிதந்தால் அடிக்காதீர்கள், படிந்த இடம் கருகும். மாலை ஐந்துக்கு மேல், இலையின் அடிப்பக்கம் நனையும்படி, பத்து நாளுக்கு ஒருமுறை. கலந்ததை அன்றே தீர்த்துவிட வேண்டும். மாவுப்பூச்சி இருந்தால் எறும்பையும் சேர்த்துக் கவனியுங்கள், அந்தப் பூச்சி கசியும் இனிப்புக்காக எறும்புகள்தான் அதற்குக் காவல் நிற்கின்றன.

அவரையில் ஓர் எச்சரிக்கை. பொட்டலத்தில் செடி அவரையா, கொடி அவரையா என்று பாருங்கள். நாட்டுக் கொடி அவரை பகல் குறுகும் காலத்தில்தான் பூக்கும். ஆடியில் போட்டால் மழைக்காலம் கழிந்து பனி இறங்கும்போது கொத்துக் கொத்தாகப் பூக்கும், தையில் போட்டால் இலையாகப் படர்ந்துகொண்டே இருக்கும்.

செடிகளைக் கொல்வதில் முதலிடம் பூச்சிக்கு அல்ல, தண்ணீருக்கு. தனிமையில் இருக்கிறவர்கள் ஒரு நாளில் மூன்று முறை மாடிக்குப் போகிறார்கள், போகும்போதெல்லாம் ஊற்றுகிறார்கள். வேரைச் சுற்றியுள்ள காற்று முழுக்க வெளியேறி, வேர் அழுகி, செடி வாடுகிறது. வாட்டத்தைப் பார்த்து இன்னும் ஊற்றுகிறார்கள். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விடுங்கள். ஈரம் ஒட்டினால் அன்றைக்கு வேண்டாம். நார்க்கழிவின் மேற்பரப்பு சீக்கிரம் காய்ந்து வெளுக்கும், உள்ளே ஈரம் இருக்கும், கண்ணை நம்ப முடியாது. மூன்று முறை போக வேண்டும் என்றால் போங்கள், ஆனால் ஒரு வேளைக்கு ஒரு வேலை வைத்துக்கொள்ளுங்கள். காலையில் தண்ணீர், மதியத்துக்கு முன் இலையைப் புரட்டிப் பார்ப்பது, மாலையில் கிள்ளுவது, கட்டுவது, பறிப்பது.

செடி வளர்ப்பு மனசை இளக்குகிறது என்பது வெறும் நம்பிக்கை அல்ல. 2011-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்றில், தோட்டம் வைத்திருக்கும் 30 பேருக்கு முதலில் மன அழுத்தம் தரும் வேலை ஒன்றைக் கொடுத்துவிட்டு, பாதிப் பேரை அரை மணி நேரம் தோட்ட வேலைக்கும், மீதிப் பேரை வீட்டுக்குள் வாசிக்கவும் அனுப்பினார்கள். அழுத்தத்தைக் காட்டும் கார்டிசால் சுரப்பு இரு பக்கமும் குறைந்தது, தோட்டப் பக்கம் கூடுதலாகக் குறைந்தது. சிறிய ஆய்வுதான், ஏற்கெனவே தோட்டத்தில் விருப்பம் உள்ளவர்களிடம் நடந்தது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழ்வே வேண்டாம் என்று தோன்றுகிறது என்றால் ஆறு பைகளை நம்பி இருக்கக் கூடாது. மருத்துவரைப் பாருங்கள், அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம். செடி அதோடு கூட இருக்கட்டும்.

முதியவர்களுக்குத் தொகுப்பில் ஒரு குறை உண்டு. பைகள் தரையில் வைக்கும் வகை. குனிந்து நிமிர்வது முதுகுக்கு ஆகாது. இரண்டடி உயர இரும்புச் சட்டமோ, செங்கல் அடுக்கிய பலகையோ தனியாகச் செய்துகொள்ள வேண்டும். ஈரத்தோடு ஒரு பை சுமார் 20 கிலோ வரும், ஆகவே தளத்தின் நடுவில் கூட்டாமல் கைப்பிடிச் சுவர் ஓரமாகவும், உத்தரம் போகும் இடத்திலும் வைப்பது பாதுகாப்பு. அடியில் செங்கல் கொடுத்தால் வடிநீர் தேங்காது, தளத்திலும் ஓதம் ஏறாது. பத்து லிட்டர் வாளி வேண்டாம், இரண்டு லிட்டர் பூவாளி போதும்.

கையேடு படங்களோடு தெளிவாக இருக்கிறது. ஆனால் செடி வளர்க்கும் முறையைச் சொல்லும் அளவுக்கு, என்ன கோளாறு, ஏன் வந்தது என்பதைச் சொல்வதில்லை. உள்ளூர் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேட்கலாம், இலையைப் படமெடுத்துக்கொண்டு போனால் பேச்சு சுருக்கமாக முடியும்.

கூடுதலாக வாங்க வேண்டியவை: மண்புழு உரம் 25 கிலோ, செம்மண் ஒரு மூட்டை, வேப்பம் பிண்ணாக்கு 1 கிலோ, பூவாளி, மூங்கில் குச்சிகள், மஞ்சள் அட்டை. தொகுப்பின் விலையோடு இதையும் சேர்த்துத்தான் செலவைக் கணக்கிட வேண்டும். ஆடிப்பட்டத்துக்கு ஆனி மாதமே விண்ணப்பித்துவிடுவது நல்லது, தைப்பட்டத்துக்கு மார்கழி முதல் வாரம். ஒரு பருவம் முடிந்தபின் கலவையைக் கொட்டிவிட வேண்டாம். பழைய வேரை எடுத்து, இரண்டு நாள் வெயில் காட்டி, கால் பங்கு புது எருவும் மீதமிருக்கும் நார்க்கழிவும் சேர்த்தால் மறுபடி பயன்படும். கத்தரி இருந்த பையில் தக்காளியோ மிளகாயோ மட்டும் நடாதீர்கள். மூன்றும் ஒரே குடும்பம், மண்ணில் தங்கிய வாடல் நோயும் நூற்புழுவும் புதுச்செடியைப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பையில் கீரையைத் தூவி, அடுத்த பட்டத்துக்கு அவரை போடுங்கள்.